நீல மேற்சட்டையும் கணக்குப் பதிவேடும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண்மையைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களின் அமைப்பான எஃப்எஃப்ஏ பற்றி, புதிய கல்வியாண்டு தொடங்கும் ஆகஸ்ட் மாதத்தில் கடிதங்கள் வருவது வழக்கமாகிவிட்டது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர். சிலர் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிமார். இம்முறை வந்தவற்றுள் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டுள்ளேன்.

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் என் மகள் விருப்பப் பாடமாக வேளாண் அறிவியலை எடுத்தாள். இப்போது எஃப்எஃப்ஏ என்ற அமைப்பின் படிவத்தையும், மனப்பாடம் செய்ய வேண்டிய ஐந்து பத்தி உரை ஒன்றையும் கொண்டு வந்திருக்கிறாள். எங்களுக்கு நிலமும் இல்லை, மாடும் இல்லை. கணவரும் நானும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். இது அவளுடைய படிப்பைக் கெடுத்துவிடாதா?
*– ஒரு தாய், டல்லாஸ் அருகிலிருந்து, டெக்சாஸ்*

படிப்புக்கு வெளியே நிற்கும் ஒரு மன்றம் என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் கவலை வருகிறது. அங்குள்ள வேளாண் ஆசிரியர்கள் தங்கள் பாடத்தை விளக்கும்போது, ஒன்றன்மேல் ஒன்று சிறிது படிந்திருக்கும் மூன்று வட்டங்களைக் கரும்பலகையில் வரைவார்கள். வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் ஒரு வட்டம். ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் தாமே பொறுப்பேற்றுச் செய்யும் வேளாண் பணி இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டம்தான் எஃப்எஃப்ஏ. ஆகவே பாடம் நடத்தும் ஆசிரியரே அப்பள்ளியின் எஃப்எஃப்ஏ கிளைக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறார். வேளாண் பாடத்தில் சேராமல் இந்த அமைப்பில் மட்டும் சேரலாம் என்றால் அதற்கு வழியில்லை.

இந்த அமைப்பு இப்படிப் பாடத்தோடு பிணைந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1917-இல் நிறைவேறிய ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் தொழிற்கல்வியாக வேளாண்மையைக் கற்பிக்க நடுவண் அரசின் நிதியை ஒதுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பண்ணைப் பையன்கள் பலர் இந்த வகுப்புகளில் சேர்ந்தார்கள். ஆனால் நகரத்துப் பிள்ளைகளின் முன்னால் எழுந்து நின்று பேசக் கூசினார்கள். அவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதற்காக, வர்ஜீனியா மாநிலத்தில் ஹென்றி குரோஸ்குளோஸ் முதலிய நான்கு வேளாண் கல்வியாளர்கள் 1920-களின் நடுவில் 'வர்ஜீனியாவின் வருங்கால உழவர்கள்' என்ற சங்கத்தை வடிவமைத்தார்கள். அதை முன்மாதிரியாகக் கொண்டு, 1928 நவம்பரில் மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 33 மாணவர்கள் கூடி 'அமெரிக்காவின் வருங்கால உழவர்கள்' என்ற தேசிய அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகளே எஃப்எஃப்ஏ. இன்று உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

ஐந்து பத்தி உரை என்பது அமைப்பின் கொள்கை உரை. விஸ்கான்சினைச் சேர்ந்த இ. எம். டிஃபனி எழுதியது, 1930-இல் மூன்றாவது தேசிய மாநாட்டில் ஏற்கப்பட்டு, பின்னர் இரண்டு முறை திருத்தப்பட்டது. வேளாண்மையின் வருங்காலத்தின்மீது நம்பிக்கை தெரிவித்துத் தொடங்கும் அந்த உரையின் நடை சற்றுப் பழையது; எழுதியவர் மனக்கண்ணில் நின்றவன் பண்ணை வீட்டுச் சிறுவன் என்பதும் படிக்கும்போதே தெரியும். உங்கள் மகள் அதை ஒப்பிப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கீழ்வகுப்பு மாணவர்களுக்கென்று இந்த உரையை ஒப்பிக்கும் போட்டி நடக்கிறது. அதில் ஒப்பித்து முடித்தவுடன் நடுவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். இந்த வரிக்கு என்ன பொருள், இன்று அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கும்போதுதான் மனப்பாடம் செய்த பிள்ளையும் புரிந்துகொண்ட பிள்ளையும் வேறுவேறாகத் தெரிவார்கள். திருக்குறள் ஒப்பித்தல் போட்டியில் பரிசு வாங்கிய நம் பிள்ளைகளிடம் ஒரு குறளுக்குப் பொருள் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் குறித்த உங்கள் அச்சத்துக்கு உங்கள் மாநிலமே 1984-இல் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் அந்த விதியின்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இறங்கும் மாணவர் சில வாரங்களுக்குப் போட்டிகளில் பங்கேற்க முடியாது. எஃப்எஃப்ஏ போட்டிகளும் இதில் அடங்கும் என்பதால், வழிகாட்டி ஆசிரியரே உங்கள் மகளின் கணக்குப் பாட மதிப்பெண்ணைப் பற்றி உங்களுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

முதல் கிளைக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் மரச்சுத்தியலால் தட்டியதும் எல்லோரும் எழுந்தார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு நான் எழுந்தபோது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஏதோ தீர்மானம், திருத்தம் என்று வேகமாகப் பேசினார்கள். எங்கிருந்து கற்றுக்கொள்வது?
*– பத்தாம் வகுப்பு மாணவர், ஒஹாயோ*

மூன்று ஓசைகளை நினைவில் வைத்துக்கொண்டால் உட்காருவது, எழுவது பற்றிய குழப்பம் தீர்ந்துவிடும். இரண்டு தட்டு என்றால் கூட்டம் தொடங்குகிறது, பேச்சை நிறுத்துங்கள் என்று பொருள். மூன்று தட்டுக்கு அனைவரும் எழ வேண்டும். ஒரு தட்டு கேட்டால் அமர வேண்டும். ஒரு தீர்மானத்தின் முடிவை அறிவித்த பிறகும் தலைவர் ஒரு முறை தட்டுவார்.

தீர்மான நடைமுறை உங்களுக்கு முற்றிலும் புதியதன்று. ஊரில் படித்த உங்கள் பெற்றோரைக் கேளுங்கள்; பள்ளி இலக்கிய மன்றத்தில் 'முன்மொழிகிறேன்', 'வழிமொழிகிறேன்' என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். இங்கேயும் அதுதான். ஒருவர் முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிந்தால்தான் விவாதம் தொடங்கும். விவாதத்தின்போது சொற்களை மாற்ற விரும்புபவர் திருத்தம் கொண்டுவரலாம். திருத்தத்தின்மீது முதலில் வாக்கெடுத்துவிட்டு, பிறகுதான் மூலத் தீர்மானத்துக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலான முடிவுகளுக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் போதும். ஆனால் விவாதத்தை நிறுத்தி உடனே வாக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவை. அது பேச விரும்பும் சிறுபான்மையினரின் வாயை மூடும் செயல் என்பதால் அந்த உயர்ந்த வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளையும் நீங்களே ஊகித்துவிடலாம்.

கூட்டத்தில் பேசாமல் இருந்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். உறுப்பினர்கள் ஒவ்வொன்றாக ஏறும் தகுதிப் படிகளில் இரண்டாவதான 'சாப்டர்' நிலைக்கு விண்ணப்பிக்கும்போது, ஐந்து கூட்ட நடைமுறைகளைச் செய்துகாட்டியிருக்க வேண்டும். 15 நிமிடக் குழு விவாதம் ஒன்றையும் நடத்தியிருக்க வேண்டும்.

என் மகன் 'எஸ்ஏஈ' ஒன்றைத் தொடங்கி, வரவு செலவு எழுத வேண்டும் என்று ஆசிரியர் கட்டாயப்படுத்துகிறார். நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பால்கனியில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகள் இருக்கின்றன, அவ்வளவுதான். கண்துடைப்பாக எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாமா?
*– ஒரு தந்தை, சான் ஹோசே அருகிலிருந்து, கலிஃபோர்னியா*

கொடுக்கலாம், பலர் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த அமைப்பிலிருந்து ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால், நீல மேற்சட்டைச் சீருடையையும் மாநாட்டையும் கோப்பைகளையும் விட்டுவிட்டு நான் எடுத்துக்கொள்வது இந்த எஸ்ஏஈயைத்தான்.

மேற்பார்வையிடப்பட்ட வேளாண் அனுபவம் என்பதன் சுருக்கம் அது. எஃப்எஃப்ஏவைவிட அதற்கு வயது அதிகம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரூஃபஸ் ஸ்டிம்சன் என்ற ஆசிரியர் 1908 வாக்கில், பள்ளிப் பண்ணையில் வேலை வாங்குவதற்குப் பதிலாக, மாணவர்களை அவரவர் வீட்டு நிலத்திலேயே ஒரு திட்டத்தை நடத்தச் செய்து, அங்கே போய்ப் பார்த்துப் பாடம் சொன்னார். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒரு நிபந்தனையாகவே எழுதி வைத்தது: நிதி பெறும் பள்ளி, ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையுடன் கூடிய வேளாண் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கோடை விடுமுறையிலும் வேளாண் ஆசிரியர்கள் மாணவர் வீடுகளுக்குப் போய் வரும் பழக்கம் அங்கிருந்து வந்ததே.

நிலம் இல்லாதவருக்கு வழி இல்லை என்பது பழைய எண்ணம். சொந்தமாக வளர்த்து விற்பது ஒரு வகை மட்டுமே. நாற்றுப் பண்ணையிலோ பூக்கடையிலோ கால்நடை மருத்துவமனையிலோ வேலை பார்ப்பது இன்னொரு வகை. சம்பளம் கிடைக்காவிட்டாலும் மணிக்கணக்கு எழுதப்படும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்வது மற்றொன்று. பள்ளிப் பசுங்குடிலில் கூட்டாகச் செடி வளர்த்து விற்பதும், சமூகத்துக்கான தொண்டுத் திட்டமும் உண்டு.

இனி உங்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்கு வருவோம், ஏனென்றால் அதன் அருமை உங்களுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புவது ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற சிறு பூச்சி. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இளந்தளிர் அந்தப் பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம். அதனால்தான் கலிஃபோர்னியாவில் கறிவேப்பிலைச் செடியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வதற்குத் தனிமைப்படுத்தல் விதிகள் இருக்கின்றன. நம் வீட்டுத் தாளிப்புக்கும் அந்த மாநிலத்தின் மாபெரும் பழத்தோட்டங்களுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருப்பதை உங்கள் மகனின் வகுப்பில் வேறு எவரால் அனுபவத்தோடு சொல்ல முடியும்? வாரம் ஒரு முறை தளிர்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, முட்டையோ இளம்பூச்சியோ தென்படுகிறதா என்று குறித்து, தளிர் விடும் பருவத்தையும் வெப்பநிலையையும் ஓராண்டு பதிவு செய்தால் அதுவே ஆய்வு வகை எஸ்ஏஈ. பூச்சியைக் கண்டால் வளர்த்துப் பார்க்கக் கூடாது. உடனே கவுண்டி வேளாண் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதியம் போட்டு நண்பர்களுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்ட தேதியும் கிடைத்த பதிலும்கூடப் பதிவேட்டில் வர வேண்டிய செய்திகளே.

பதிவேடு எழுதுவதில் பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கிக் கொடுத்த மண்ணுக்கும் தொட்டிக்கும் விலை எழுத மாட்டார்கள். அது பரிசு என்றாலும் திட்டத்துக்குச் செலவுதான். வீட்டுக் குழம்பில் போட்ட கீரைக்கு வரவு எழுத மாட்டார்கள். கடையில் வாங்கியிருந்தால் என்ன விலையோ அதை எழுத வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் கையில் என்ன இருந்தது, முடிவில் என்ன மிஞ்சியது என்ற இருப்புக் கணக்கு இல்லாமல் லாப நட்டத்துக்குத் தாவுவார்கள். எல்லாவற்றையும் கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஒரே பேனாவால் எழுதுவார்கள். இப்போது பெரும்பாலும் கணினியில்தான் பதிவு என்பதால் ஒரே இரவில் என்று திருத்திக்கொள்ளலாம். நட்டம் வந்தால் மறைக்க வேண்டியதில்லை. மாவுப்பூச்சி விழுந்து பாதிச் செடி போனது என்று நேர்மையாக எழுதி, அடுத்த ஆண்டு என்ன மாற்றினான் என்றும் எழுதியிருக்கும் பையனின் பதிவேட்டை எந்த ஆசிரியரும் ஒதுக்க மாட்டார்.

'சாப்டர்' நிலைக்கு இந்தத் திட்டத்தின் வழியே 150 டாலர் ஈட்டி முறையாக முதலிட்டிருக்க வேண்டும் அல்லது வகுப்பு நேரத்துக்கு வெளியே 45 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும். அடுத்த படியான மாநில நிலைக்கு அது 1,000 டாலர் அல்லது 300 மணி நேரம். கண்துடைப்புப் பதிவேடு அங்கே போய் நிற்காது.

எங்கள் குடும்பம் சைவம். மகள் கண்காட்சிக்கு ஆட்டுக்குட்டி வளர்க்க ஆசைப்படுகிறாள். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?
*– ஒரு தாய், ஹூஸ்டன் அருகிலிருந்து, டெக்சாஸ்*

உண்டு, குட்டியை வாங்குவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. கண்காட்சிகளில் சந்தைப் பிரிவு, இனப்பெருக்கப் பிரிவு என்று இரண்டு உண்டு. சந்தைப் பிரிவில் காட்டப்படும் கிடா, கன்று, பன்றி ஆகியவை இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. பல கண்காட்சிகளில் ஏலம் முடிந்ததும் அவை நேரே வெட்டுமிடத்துக்குப் போய்விடும். வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவர விதி இடம் தராது. மாதக் கணக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த பிள்ளை, அசைவக் குடும்பத்துப் பிள்ளையாகவே இருந்தாலும், அன்றைக்கு அழும். இதை மறைத்துவிட்டு வளர்க்கவிடுவது சரியன்று. இனப்பெருக்கப் பிரிவில் பெட்டை ஆடு, கிடேரி, கறவை மாடு ஆகியவற்றைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வரலாம். ஆனால் அவற்றைப் பல ஆண்டுகள் வைத்துப் பராமரிக்க இடமும் தீவனச் செலவும் வேண்டும். பள்ளிக் கொட்டகையில் இடம் கிடைக்குமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் மகளிடம் இரண்டையும் சொல்லி, முடிவை அவளிடமே விடலாம்.

'வருங்கால உழவர்கள்' என்ற நல்ல பெயரை ஏன் கைவிட்டார்கள்? வெள்ளையர் பையன்களுக்கு மட்டுமான சங்கமாக இருந்தது என்பதும் உண்மையா?
*– ஒரு வாசகர், நியூ ஜெர்சி*

பெயர் மாற்றம் 1988-இல் நடந்தது. உணவு அறிவியல், கால்நடை மருத்துவம், வேளாண் வணிகம், உயிரித் தொழில்நுட்பம் என்று போகும் மாணவர்களுக்கு உழவர் என்ற ஒரு சொல் போதவில்லை என்பது காரணம். அதுமுதல் அதிகாரப்பூர்வப் பெயர் 'தேசிய எஃப்எஃப்ஏ அமைப்பு'. எழுத்துகள் வரலாற்றை மதித்து அப்படியே நிற்கின்றன, விரித்துச் சொல்வதில்லை. உழவன் என்ற பெயருக்குக் கூச்சப்பட்டார்களோ என்ற ஐயம் எனக்கும் உண்டு, ஆனால் நகரத்துப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்ததில் அந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இன்னும் கசப்பானது. பெண்களுக்குத் தேசிய அளவில் கதவு திறந்தது 1969-இல்தான், அதாவது அமைப்பு தோன்றி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தென்மாநிலங்களில் பள்ளிகள் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், கறுப்பின மாணவர்கள் தனியே 'அமெரிக்காவின் புதிய உழவர்கள்' என்ற அமைப்பைக் கட்டினார்கள். அதுவும் வர்ஜீனியாவில் வேர்விட்டு, 1935-இல் அலபாமாவின் டஸ்கீகியில் தேசிய அமைப்பானது. அவர்களுடைய நிறங்கள் கறுப்பும் பொன்னும். சின்னத்தில், எஃப்எஃப்ஏவின் மக்காச்சோளத்துக்குப் பதிலாகப் பருத்திக்காய் இருந்தது. 1965-இல் இரண்டும் இணைந்தபோது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள். ஆனால் இணைந்த அமைப்பில் பெயரும் நிறமும் சின்னமும் எஃப்எஃப்ஏவினுடையவையாகவே இருந்தன; கறுப்பு மேற்சட்டை மறைந்தது, கறுப்பினத் தலைமையும் மங்கியது. இணைப்பு என்று ஆவணங்களில் எழுதப்பட்டிருப்பதை விழுங்குதல் என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன். தேசியத் தலைவராக முதல் பெண் 1982-இல் வந்தார். முதல் கறுப்பினத் தலைவரான கோரி ஃபுளூர்னாய் 1994-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சிகாகோ நகரத்துப் பிள்ளை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஃபோர்-எச் என்பதும் இதுவும் ஒன்றா?
*– ஒரு வாசகி, மிச்சிகன்*

ஒன்றல்ல. எஃப்எஃப்ஏ பள்ளி வகுப்பின் பகுதி. ஃபோர்-எச் என்ற இளையோர் அமைப்பு மாநிலப் பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கத் துறை வழியே, பள்ளிக்கு வெளியே, தன்னார்வலர்களைக் கொண்டு நடக்கிறது. அதில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். இரண்டிலும் இருப்பதற்குத் தடையில்லை.

அமெரிக்காவில் உள்ள என் பேரன் ஒரு நிழற்படம் அனுப்பியிருக்கிறான். நீல நிறக் கோட்டு அணிந்த பிள்ளைகள் மேடையில் ஆளுக்கொரு சின்னத்தின் அருகே நிற்கிறார்கள்; இவனை மட்டும் வாசற்கதவின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பையன். காவல்காரனாக நிறுத்தியது மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.
*– ஒரு தாத்தா, கும்பகோணம் அருகிலிருந்து*

வருத்தப்படாதீர்கள். உங்கள் பேரன் தேர்தலில் வென்று பொறுப்பேற்றிருக்கிறான். கிளையில் ஆறு முதன்மைப் பொறுப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் சின்னமும் குறிக்கப்பட்டுள்ளன. தலைவர் உதயசூரியனின் கீழ் அமர்வார். துணைத்தலைவரின் இடம் கலப்பை. செயலருக்கு மக்காச்சோளக் கதிர். அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் விளைவதால் அது ஒற்றுமையின் அடையாளம். பொருளாளர் ஜார்ஜ் வாஷிங்டனின் படத்தருகே அமர்கிறார். அந்த முதல் குடியரசுத் தலைவர் தம் பண்ணைக் கணக்கை நுணுக்கமாக எழுதி வைத்தவர். செய்தியாளரின் இடம் கொடி. வழிகாட்டி ஆசிரியருக்கு ஆந்தை. நம்மூரில் ஆந்தையை அபசகுனம் என்போம். அங்கே அது அறிவின் குறி.

ஆறாவது பொறுப்பாளரின் பெயர் சென்டினல். அவருடைய இடம் கதவுதான். கூட்டம் தொடங்கும் முன் இருக்கைகளையும் சின்னங்களையும் முறையாக அமைப்பது, அரங்கின் வெப்பநிலையும் காற்றோட்டமும் வசதியாக இருக்கிறதா என்று பார்ப்பது, வருபவரை வரவேற்று உள்ளே அழைப்பது, தலைவருக்கு ஒழுங்கைக் காப்பதில் துணை நிற்பது ஆகியவை அவர் கடமைகள். நம் வீட்டுத் திருமணங்களில் பந்தல் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவரை யாரும் காவல்காரர் என்பதில்லையே.

அந்த நீலக் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். அங்கே அதை ஜாக்கெட் என்கிறார்கள். நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஆகிவிட்டதால் மேற்சட்டை என்றே எழுதுகிறேன். 1933-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஃபிரெடரிக்டவுன் கிளையின் இசைக்குழுவினர் கார்டுராய் துணியில் தைத்து அணிந்து வந்ததைப் பார்த்து, தேசிய மாநாடு அதையே சீருடையாக ஏற்றது. முதுகில் பெரிய சின்னத்தோடு மாநிலத்தின் பெயரும் கிளையின் பெயரும், முன்னே வலப்பக்கம் அணிபவரின் பெயரும் பூவேலையாகத் தைக்கப்பட்டிருக்கும். நிழற்படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். பெயருக்குக் கீழே அவனுடைய பொறுப்பும் ஆண்டும் பொன்னிற நூலில் தெரியக்கூடும்.